பேசத் தாமதிக்கும் பிள்ளை: காத்திருக்கலாமா?

“இவன்ரை தேப்பனும் மூண்டு வயசு மட்டும் வாய் திறக்கேல்லை. பேந்து அவனைக் கதையிலை ஆரும் வெல்ல ஏலாமல் போச்சு. இவனும் கதைப்பான், விடுங்கோ.”

இரண்டரை வயதாகியும் ஒரு சொல்லேனும் பேசாத பேரனை மடியில் வைத்துக்கொண்டு அப்பம்மாமார் சொல்லும் பதில் இது. கிராமங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் நாம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பக்கத்தில் நிற்கும் தாய் வேறொன்றைச் சொல்வார்: “இடம் மாறி இடம் மாறித் திரியிறம். அதுதான் பிள்ளை கதைக்குதில்லைப் போலை.”

இரண்டு பதில்களிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே முடிவுக்கே எம்மைக் கொண்டுபோகின்றன. அதாவது, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், பொறுத்திருந்து பார்ப்போம் என்பதாகும். பொறுத்திருப்பதன் விலை என்ன என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. காலபோக விதைப்பைத் தவறவிட்டவன் பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் அந்த விளைச்சலை முழுமையாக எடுக்க முடியாது. பிள்ளையின் மூளைக்கும் அவ்வாறானதொரு காலம் இருக்கிறது என்பதைக் கடந்த சில தசாப்தங்களில் ஆராய்ச்சியாளர் தெளிவாக்கியுள்ளனர். அதனை எளிமையாக விளக்குவதும், பேசத் தாமதிக்கும் பிள்ளைக்கு நாம் இன்றே செய்யக்கூடியவற்றைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளையில் பேச்சின் இடம்

1861ஆம் ஆண்டில் பிரான்சின் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள வைத்தியசாலையொன்றில் ஒரு நோயாளி இறந்தார். இருபது வருடங்களுக்கு மேலாக அங்கு வாழ்ந்த அவர், பிறர் பேசுவதை விளங்கிக்கொள்வார். ஆனால் அவரால் “டான்” என்ற ஒரே ஒலியைத்தான் சொல்ல முடிந்தது. அவருடைய மூளையைப் பரிசோதித்த போல் புரோக்கா என்ற வைத்தியர், இடது பக்க மூளையின் முன்பகுதியில் ஓரிடம் பழுதடைந்திருப்பதைக் கண்டார். 1874இல் ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் வேர்ணிக்கே என்பவர், கேட்ட பேச்சை விளங்கிக்கொள்வதற்கு அதற்குச் சற்றுப் பின்னால் வேறோர் இடம் உண்டென்று காட்டினார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. பேச்சு நாக்கில் பிறப்பதில்லை. காதின் வழியே உள்ளே போன ஒலி மூளையில் விளங்கப்பட்டு, அங்கே சொல்லாக ஒழுங்கு செய்யப்பட்டு, கடைசியாகத்தான் நாக்குக்கு வருகிறது. நாக்கு வெளிவாசல் மாத்திரமே. பிள்ளை பேசவில்லையென்றால் நாக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பாராமல் வாய்க்காலைத் திருத்திக்கொண்டிருப்பது போன்றதாகும்.

நடந்தால்தான் பாதை

வளர்ந்த மனிதரின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயதுக்குள் அது நான்கில் மூன்று பங்கை எட்டிவிடுகிறது. இந்தக் காலத்தில் கலங்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள இணைப்புகளே பெருகுகின்றன.

அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹற்றன்லொக்கர் என்பவர், இறந்தவர்களின் மூளைகளை நுணுக்குக்காட்டியில் வைத்து இந்த இணைப்புகளைப் பொறுமையாக எண்ணினார். 1979இல் அவர் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. மூளையின் முன்பகுதியில், ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் இணைப்புகளின் நெருக்கம், வளர்ந்தவருக்கு இருப்பதிலும் பார்க்க ஏறத்தாழ 50 வீதம் அதிகம். அதன்பின் பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன. பயன்படாதவை மெல்ல மெல்லக் கழிந்து போகின்றன.

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போனவர்களுக்கு இது நன்கு விளங்கும். நாளாந்தம் நடந்த ஒற்றையடிப் பாதை அன்று எவ்வளவு துப்புரவாக இருந்தது! ஆள் நடமாட்டம் இல்லாமற் போனதும் பற்றை மூடிவிட்டது. வெட்டித் துப்புரவாக்கலாம், ஆனால் அதற்கு எவ்வளவு கூலி, எவ்வளவு நாள்! பிள்ளையின் மூளையில் பேச்சுக்கான பாதைகளும் இப்படித்தான். முதல் மூன்று வருடங்களில் அவற்றில் நடமாட்டம் இருக்க வேண்டும். பிந்தினால் ஒன்றும் செய்ய முடியாது என்பதல்ல. பாடு அதிகம் என்பதுதான்.

இந்தத் தெரிவு எவ்வளவு விரைவில் தொடங்குகிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். ‘ட’, ‘த’ என்ற ஒலிகளின் வேறுபாடு தமிழிலும் ஹிந்தியிலும் உண்டு. ஹிந்தியிலுள்ள அந்த இரு ஒலிகளும் ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவற்றைப் பிரித்தறிகின்றன. பத்து, பன்னிரண்டு மாதமாகும்போது அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. கனடாவில் ஜெனற் வேர்க்கர், றிச்சாட் ரீஸ் ஆகிய இருவரும் 1984இல் இதனைக் காட்டினர். முதற் சொல்லைச் சொல்லும் முன்னரே குழந்தை, தன் வீட்டு மொழி எது, தனக்கு வேண்டாத ஒலிகள் எவை என்று தெரிவுசெய்து முடிக்கிறது.

ஆகவே, “பேசாத குழந்தையோடு என்ன பேசுவது?” என்று கேட்பது தவறு. பேசாத அந்த முதல் வருடமே கேட்டுப் படிக்கும் வருடமாகும்.

ஆளிடம் படிக்கும் பேச்சு

அப்படியானால் வானொலியையோ தொலைக்காட்சியையோ போட்டுவிட்டால் போதாதா? கைத்தொலைபேசியில் பாட்டுப் படம் ஓடினால் பிள்ளை சொற்களைப் பிடித்துக்கொள்ளாதா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பற்றீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதனைச் சோதித்துப் பார்த்தனர். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலவற்றுக்குச் சீன மொழி பேசும் ஒருவர் நேரில் வந்து, நான்கு வாரங்களில் 12 தடவைகள், புத்தகம் காட்டியும் விளையாட்டுப் பொருள்களைக் காட்டியும் கதைத்தார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆள் அதே பேச்சைப் பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டினர். இன்னும் சிலருக்கு ஒலிப்பதிவை மட்டும் போட்டனர். நேரில் பழகிய குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் படித்துக்கொண்டன. திரையில் பார்த்தவையும் ஒலிப்பதிவைக் கேட்டவையும் எதனையும் படிக்கவில்லை. இந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது.

2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு வயதுவரையான 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்கள் கதை கேட்கும்போது மூளை எவ்வாறு இயங்குகிறது என்றும் பார்த்தனர். பெரியவர்கள் பிள்ளைக்கு முன்னால் எத்தனை சொற்களைக் கொட்டினார்கள் என்பது முக்கியமாக இருக்கவில்லை. பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் பதில் சொல்ல, மறுபடி பிள்ளை சொல்ல என்று மாறி மாறி நடந்த பேச்சு எவ்வளவு என்பதே முக்கியமாக இருந்தது. அப்படிப்பட்ட பேச்சு அதிகம் நடந்த பிள்ளைகளில், நாம் மேலே சொன்ன புரோக்காவின் இடம் கூடுதலாக இயங்கியது. வீட்டின் வருமானம் கூடினாலும் குறைந்தாலும் இது மாறவில்லை.

பண வசதி இல்லாத எமக்கு இது பெரிய ஆறுதல். பிள்ளையின் மூளைக்குத் தேவையான பொருள் கடையில் விற்கப்படுவதில்லை. அது தாயின் வாயிலும் தகப்பனின் வாயிலும் அப்பம்மாவின் வாயிலும் இருக்கிறது. அதேவேளை, இது ஓர் எச்சரிக்கையுமாகும். சமையல் முடியும் மட்டும், வரிசையில் நின்று வரும் மட்டும், பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடும் பழக்கம் இன்று எல்லாக் கொட்டில்களிலும் இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் பிள்ளைகளைத் திரைக்கு முன் இருத்த வேண்டாம் என்றும், இரண்டு வயதானபின் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஆலோசனை கூறியது. திரை கேள்வி கேட்கலாம். ஆனால் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்காது.

எது தாமதம்?

எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரே நாளில் பேசுவதுமில்லை. ஆயினும் சில அடையாளங்களைப் பெற்றோர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு மாதத்தில்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். “பாபா, மாமா, தாத்தா” போன்ற ஒலிகளை எழுப்ப வேண்டும். கையசைத்தல், விரலால் சுட்டிக்காட்டல் போன்ற சைகைகள் தொடங்கியிருக்க வேண்டும்.

பதினாறு முதல் பதினெட்டு மாதத்தில்: கருத்தோடு சில தனிச் சொற்கள் வர வேண்டும். “பந்தை எடுத்து வா” போன்ற சிறு சொல்லை, சைகை இல்லாமலே விளங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு வயதில்: ஏறத்தாழ 50 சொற்கள் இருக்க வேண்டும். “அம்மா வா”, “மாடு போகுது” என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். தண்ணீரை “அண்ணி” என்று மழலையாகச் சொன்னாலும், எப்போதும் தண்ணீரையே அப்படிச் சொன்னால் அது ஒரு சொல்தான், எண்ணிக்கையில் சேருங்கள்.

மூன்று வயதில்: சிறு வசனங்கள் பேச வேண்டும். வெளியாட்களுக்கும் பிள்ளை சொல்வதில் பெரும்பகுதி விளங்க வேண்டும்.

இவற்றில் ஒன்று பிந்தினால் பிள்ளையைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். எந்த வயதிலாயினும், முன்பு பேசிய சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

“தகப்பனும் அப்படித்தான்”

இனி அப்பம்மாவின் பதிலுக்கு வருவோம். மேலைநாட்டு ஆய்வுகளின்படி, இரண்டு வயதில் 100 பிள்ளைகளுள் 10 முதல் 15 பேர்வரை பேச்சில் பிந்தி நிற்கின்றனர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்கூட வயதாகும்போது ஏனையோரை எட்டிப் பிடிக்கின்றனர். ஆகவே அப்பம்மா சொல்வது பொய்யல்ல.

ஆனால் எட்டிப் பிடிக்காத மற்றவர்களின் கதி என்ன? இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பார்த்து, இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிச்சயமாகச் சொல்ல எவராலும் முடியாது. சில அடையாளங்கள் மட்டுமே உண்டு. பிறர் சொல்வதை விளங்கிக்கொள்ளாத பிள்ளை, சைகையாலும் கேட்காத பிள்ளை, மிகச் சில ஒலிகளையே எழுப்பும் பிள்ளை ஆகியோர் தாமாக எட்டிப் பிடிப்பது குறைவு. குடும்பத்தில் இன்னொருவரும் பேசப் பிந்தியிருந்தார் என்பதும் அத்தகைய ஓர் அடையாளமே! தகப்பன் பிந்திப் பேசினார் என்பது கவலையீனமாக இருப்பதற்குக் காரணமல்ல. மகனை இன்னும் கவனமாகப் பார்ப்பதற்கே அது காரணமாகும்.

நேரத்தோடு உதவி செய்த பிள்ளை தானாகவே பேசியிருக்கக்கூடியது என்று வைத்துக்கொண்டாலும் எமக்கு ஒரு நட்டமும் இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கதைத்திருப்போம், கொஞ்சம் கூடுதலாக விளையாடியிருப்போம், அவ்வளவுதான். உதவி தேவைப்பட்ட பிள்ளையைக் காத்திருக்க விட்டாலோ, நட்டம் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை முழுவதற்கும் உரியது. அது பள்ளிக்கூடத்தில் வாசிப்பில் தொடங்கி, ஏனைய பாடங்களுக்கும் பரவும்.

முதலில் காது

பேசத் தாமதிக்கும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் பார்க்க வேண்டியது காது. கேளாத சொல்லைப் பிள்ளை எப்படித் திரும்பச் சொல்லும்?

“கதவைத் தட்டினால் திரும்புகிறான், இடி இடித்தால் பயப்படுகிறாள், காது கேட்கிறது” என்று பெற்றோர் சொல்வதுண்டு. இது போதாது. பெரிய சத்தம் கேட்கும் பிள்ளைக்கும் மெல்லிய பேச்சொலிகள் கேளாமல் இருக்கலாம். முறையான பரிசோதனையே உண்மையைச் சொல்லும். பிறந்த குழந்தைக்கும் இப்பரிசோதனையைச் செய்யலாம். நோவு ஏதும் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்ரின் யொஷினாகா-இற்றானோ என்பவர் தலைமையில் நடந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. காது கேளாமையை ஆறு மாதத்துக்கு முன்னரே கண்டறிந்து உதவி தொடங்கப்பட்ட பிள்ளைகள், ஆறு மாதத்துக்குப் பின் கண்டறியப்பட்ட பிள்ளைகளைவிட மொழியில் தெளிவாக முன்னணியில் நின்றனர். சில மாத வித்தியாசம் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்தது.

கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா நோய், பிறந்தவுடன் வந்த கடும் மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல், குறைமாதப் பிறப்பு ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. நெருக்கமாக வாழும் இடங்களில் தடிமன் அடிக்கடி பரவி, காதின் உட்பகுதியில் நீர் தேங்குவதும் சீழ் வடிவதும் சாதாரணம். இதனாலும் கேட்கும் திறன் குறையும். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய், உள்ளிச் சாறு முதலியவற்றை விட வேண்டாம். வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தடுப்பூசிகளைத் தவறவிட வேண்டாம்.

காது கேளாத பிள்ளைக்கும் மொழி உண்டு. கேட்கும் கருவியாலும் சைகை மொழியாலும் அது வளரும். எமது நாட்டில் இதற்கான பணியைத் திருச்சபைகள் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடக்கிய பாடசாலை இரத்மலானையிலும், நவீல்ட் பாடசாலை கைதடியிலும் இருப்பதைப் பலர் அறிவர்.

நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று நம்பி அலைவோர் உளர். அந்தச் சவ்வு சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாம். பிள்ளை சொற்களைப் படிப்பதை அது தடுக்காது. வசம்பு உரைத்துத் தேனில் குழைத்துத் தடவுவதாலும் பேச்சு வராது. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஜமேக்காவில் நடந்தது

வசதியில்லாத இடத்தில், படித்த நிபுணர்கள் அருகில் இல்லாத இடத்தில், ஏதும் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜமேக்கா என்ற தீவு நல்ல பதில் தருகிறது. அதன் தலைநகரான கிங்ஸ்ரனின் வறிய குடியிருப்புகளில், போஷாக்கின்றி வளர்ச்சி குன்றிய, 9 முதல் 24 மாதம் வரையான 129 பிள்ளைகளை 1986-87இல் தெரிவுசெய்து, சலி கிறந்தம்-மக்கிறெகர் என்ற வைத்தியரின் குழுவினர் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் ஒரு கிலோ பால்மா வழங்கினர். இன்னொரு பிரிவினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பணியாளர் சென்று, ஒரு மணித்தியாலம் தாயோடும் பிள்ளையோடும் விளையாடிக் கதைத்து, அதனைத் தாய் எப்படித் தொடரலாம் என்று காட்டினார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காவது பிரிவுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. இது இரண்டு வருடங்கள் நடந்தது.

வீடுகளுக்குச் சென்றவர்கள் வைத்தியர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரண சமூக சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் கொண்டுபோன விளையாட்டுப் பொருள்கள் வெற்றுப் போத்தல், பெட்டி, மூடி போன்ற கழிவுப் பொருள்களால் செய்யப்பட்டவை.

1991இல் வெளியான முடிவின்படி, விளையாட்டும் பேச்சும் பெற்ற பிள்ளைகள் மொழி உட்பட எல்லா வகையிலும் முன்னேறினர். பால்மாவும் அப்போது நன்மை செய்தது. ஆனால் அறிவு வளர்ச்சியில் அதன் பலன் வருடங்கள் செல்ல மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் மங்கவில்லை. இருபது வருடங்களின் பின் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்கள் ஏனையோரைவிட 25 வீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தனர். இது 2014இல் வெளியிடப்பட்டது.

பிள்ளைக்கு உணவு தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. நிவாரண அரிசி பிள்ளையின் உடலை வளர்க்கும். அதனோடு பேச்சும் வேண்டும் என்பதே பொருள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளையின் உயரத்துக்கு இறங்குங்கள். குந்தியிருந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துக் கதையுங்கள். உங்கள் வாயசைவைப் பிள்ளை பார்க்கட்டும்.

2. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். அது கோழியைப் பார்க்கும்போது நீங்கள் நிலாவைக் காட்ட வேண்டாம். “கோழி! கோழி கொத்துது” என்று சொல்லுங்கள்.

3. சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் தவறவிடுவது இதனைத்தான். பிள்ளை ஒலியெழுப்பினாலும், கையைக் காட்டினாலும், பார்த்தாலும் அது ஒரு பதில். உடனே மறுமொழி சொல்லுங்கள்.

4. பிள்ளை சொன்னதோடு ஒரு சொல்லைக் கூட்டுங்கள். “மாடு” என்றால் “வெள்ளை மாடு” என்றோ “மாடு போகுது” என்றோ சொல்லுங்கள். பிழையாகச் சொன்னால் பழிக்க வேண்டாம். சரியான சொல்லை நீங்கள் திரும்பச் சொன்னால் போதும்.

5. “சொல்லு, சொல்லு, சொன்னால்தான் தருவேன்” என்று வற்புறுத்த வேண்டாம். பயந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாழைப்பழமா பாணா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். பிள்ளைக்குப் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

6. வேலையோடு வேலையாகச் செய்யுங்கள். கிணற்றடியில் வார்க்கும்போது “கை, கால், தலை” என்றும், கீரை ஆயும்போது “இலை, தண்டு” என்றும் சொல்லலாம். தனியாக நேரம் இல்லாதவர்களுக்கும் இது முடியும்.

7. நாங்கள் சிறுவயதில் விளையாடியவற்றைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குரும்பட்டித் தேர், பூவரசம் இலைப் பீப்பீ, சிரட்டையில் மண்சோறு, இறுக மூடிய போத்தலுக்குள் கல் போட்ட கிலுகிலுப்பை, மடியில் வைத்துச் சாய்ந்தாடும் பாட்டு எல்லாமே பேச்சுப் பாடங்கள்தான். சிறு பொருள்களைப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. அயடீன் சேர்த்த உப்பையே பாவியுங்கள். அயடீன் குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றும். இலங்கையில் உணவு உப்பு அயடீன் சேர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது 1995 முதல் சட்டமாகும். உப்பளத்தில் நேரே அள்ளி வந்த உப்புக்கு அந்த நிச்சயம் இல்லை.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். குழந்தை பிறந்தபோது தரப்பட்ட சுகாதாரப் பதிவேட்டில் எந்த வயதில் எது வர வேண்டும் என்று குறித்திருக்கிறது. இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் ஊடாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து பெரிய அரசாங்க வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கும், பேச்சுச் சிகிச்சையாளரிடமும் போக வழியுண்டு. “காதுப் பரிசோதனை செய்ய வேண்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேறிடத்துக்கு மாறிப் போவதாயின் துண்டுகளையும் அறிக்கைகளையும் கையோடு கொண்டு போங்கள்.

பிள்ளை பேசாததோடு முகத்தைப் பாராமலும், பெயருக்குத் திரும்பாமலும், எதையும் சுட்டிக் காட்டாமலும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டும் இருந்தால் ஓட்டிசம் எனும் நிலையாக இருக்கலாம். இது தாய் தகப்பனின் வளர்ப்பினால் வருவதல்ல. இதற்கும் நேரத்தோடு தொடங்கும் பயிற்சியே நல்லது.

தாய்மாருக்கு ஒரு சொல்

பிள்ளை பேசவில்லையென்றால் எமது சமூகம் முதலில் தாயையே பார்க்கிறது. “நீ சரியாகப் பார்க்கவில்லை” என்கிறது. இது அநியாயம். காது கேளாமையும் ஓட்டிசமும் எந்தத் தாயும் தேடிக்கொண்டவை அல்ல.

ஆனால் இடம்பெயர்ந்த வாழ்க்கை வீட்டின் பேச்சைக் குறைத்துவிடுகிறது என்பதை நாம் மறைக்க முடியாது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கும்போது “சத்தம் போடாதே” என்பதே பிள்ளை அதிகம் கேட்கும் வசனமாகிவிடுகிறது. தகப்பன் கூலிக்குத் தூரப் போய்விடுகிறார். நிலமும் வீடும் போன துக்கத்தில் தாயும் மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனத்துக்குள்தான் பிள்ளை வளர்கிறது. ஆகவே பிள்ளைக்குச் செய்யும் உதவி தாய்க்குச் செய்யும் உதவியில் தொடங்க வேண்டும். மாமி தண்ணீர் அள்ளிக் கொடுக்கட்டும். தகப்பன் வந்ததும் அரை மணித்தியாலம் பிள்ளையை வைத்திருந்து கதைக்கட்டும். மாதர் சங்கங்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் வாரம் ஒருநாள் சின்னப் பிள்ளைகளையும் தாய்மாரையும் மரநிழலில் கூட்டி விளையாட வைக்கட்டும். ஜமேக்காவில் செய்ததும் இதைப் போன்றதே.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாமலும் பேச்சுத் திக்கியும் இருந்த ஒருவரை இயேசு குணப்படுத்திய நிகழ்ச்சி இருக்கிறது. அவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். முதலில் தொட்டது காதுகளை. அதன் பின்னரே நாக்கை. எந்தச் சமயத்தவராயினும் நாம் அனைவரும் இதிலிருந்து படிக்கலாம். சனக்கூட்டத்துக்கு நடுவில் வாழும் எமது பிள்ளையையும் நாளுக்கொரு தடவையாவது தனியே எடுத்து, முகம் பார்த்து, அதன் காதுக்குள் எமது சொல் போகச் செய்வோம். பிள்ளையின் பேச்சு பிந்துகிறதென்று உங்கள் மனதில் ஐயம் இருந்தால், அடுத்த கிளினிக் நாளிலேயே அதைச் சொல்லுங்கள். அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.